ஓனர் நாமக்கல்லில், லாரி நாக்பூரில்: தந்தி முதல் வாட்ஸ்அப் வரை ஒரு ரிமோட் தொழிலின் கதை

இன்னைக்கு எபிசோடில் பேசப்போறது ரிமோட் வேலையைப் பற்றி. ஆனா ஜூம், ஸ்லாக், ஸ்டாண்ட்-அப் மீட்டிங் எதுவும் இதில் பெருசா வராது. லாரி வரும், போர்வெல் வண்டி வரும், முட்டை வரும்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த ஐ.டி. கம்பெனிகள் அவசர அவசரமா எல்லாரையும் லேப்டாப்போடு வீட்டுக்கு அனுப்பின. என்னை மாதிரி சாப்ட்வேர் இன்ஜினியர்களுக்கு அன்றிலிருந்து ஒரே பேச்சுதான். ஆள் ஒரு இடத்தில், வேலை இன்னொரு இடத்தில் இருந்தால் நிர்வாகம் பண்ணுவது எப்படி? இது குறித்து வந்த கட்டுரைகளுக்கும் வீடியோக்களுக்கும் கணக்கே இல்லை. ஏதோ மனித குலம் முதல் தடவையா சந்திக்கிற கேள்வி மாதிரி எல்லாரும் பேசினோம்.

ஆனா சேலத்திலிருந்து ராசிபுரம் வழியா நாமக்கல் போனால், அந்தப் பக்கம் சங்ககிரி, திருச்செங்கோடு போனால், இந்தக் கேள்விக்கு மூணு தலைமுறையா பதில் சொல்லிட்டிருக்கிற ஆட்கள் இருக்காங்க. அவங்க சொத்து எப்பவுமே அவங்க கண் முன்னாடி இருந்ததில்லை. ஓனர் நாமக்கல்லில் இருப்பார், லாரி நாக்பூரில் நிற்கும். இடையில் சுமார் 1,300 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அவங்க எப்படி நிர்வாகம் பண்ணினாங்க, ஒவ்வொரு கருவி வந்தப்பவும் என்ன மாறுச்சு, யாருக்கு லாபம் என்பதுதான் இன்றைய கதை.

மழை இல்லாத ஊர், சக்கரம் வைத்த தொழில்

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். நாமக்கல் 1997 ஜனவரி 1 வரைக்கும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. காவிரிக் கரையை ஒட்டிய பகுதியை விட்டுட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வறண்ட நிலம். மழையை மட்டும் நம்பி விவசாயம் செய்தால் குடும்பம் ஓடாது. அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் நிலத்தில் போட வேண்டிய பணத்தை வேற இடங்களில் போட்டாங்க. நாமக்கல், சங்ககிரியில் அது லாரியா மாறுச்சு. லாரி வந்ததும் பாடி கட்டுகிற பட்டறைகள் வந்தன. அப்புறம் எரிவாயு கொண்டுபோகும் எல்.பி.ஜி. டேங்கர்கள். திருச்செங்கோட்டில் அது ரிக் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டி. நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணை.

இதில் பெரிய கம்பெனிகள் குறைவு. ஒரு லாரி, ரெண்டு லாரி வைத்திருக்கிற குடும்பங்கள் நிறைய. கடன் வாங்கி முதல் வண்டி எடுத்து, அதைத் தானே ஓட்டி, கடன் அடைந்ததும் ரெண்டாவது வண்டி எடுத்து, அதுக்கு ஒரு டிரைவரைப் போட்டு... அந்த இடத்தில்தான் ஓனர் முதல் தடவையா ரிமோட் மேனேஜர் ஆகிறார். வண்டியில் இருந்த ஆள் இப்ப வண்டிக்கு வெளியே இருக்கிறார்.

அவருக்கு இருந்த பிரச்சினையை உடைச்சுப் பார்த்தால் மூணு துண்டா வரும். ஒன்று, செய்தி: வண்டி எங்கே, லோடு கிடைச்சதா? ரெண்டு, பணம்: டீசலுக்கும் ரிப்பேருக்கும் வழியில் காசு எப்படிப் போகும்? மூணு, சாட்சி: டிரைவர் சொல்வது நடந்ததுதானா? நம்ம ஸ்லாக், சம்பள டிரான்ஸ்பர், ஜிரா டிக்கெட் எல்லாமே இந்த மூணுக்குள்தான் அடங்கும். யோசிச்சுப் பாருங்க.

ஒரு சொல்லில் ஒரு முகவரி

இந்தியாவில் பொதுமக்களுக்குத் தந்தி சேவை 1850-களில் வந்தது. 2013 ஜூலை நடுவில்தான் அது மூடப்பட்டது. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலே ஓடிய ஒரு மெசேஜிங் ஆப் என்று வைத்துக்கலாம். தந்தியில் சொல்லுக்குக் காசு. முகவரியில் இருக்கிற சொற்களும் கணக்கில் வரும். அதனால் வியாபார நிறுவனங்கள் தந்தி அலுவலகத்தில் பணம் கட்டி ஒரே சொல்லில் ஒரு முகவரியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும். பழைய லெட்டர்பேடுகளில் 'தந்தி' என்று போட்டு ஒரு ஒற்றைச் சொல் அச்சடித்திருக்கும், பார்த்திருப்பீங்க. நம்ம காலத்து யூசர்நேம், டொமைன் நேம் எல்லாத்துக்கும் அதுதான் தாத்தா.

பேசணும்னா டிரங்க் கால். எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கணும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூணு வகை. லைட்னிங் கால் சீக்கிரம் கிடைக்கும், ஆனா கட்டணம் பல மடங்கு. ஒரு லாரி ஓனர் டிரைவரோடு பேச அந்தக் காசைக் கொடுக்க மாட்டார். கொடுத்தாலும் எந்த நம்பருக்குப் போடுவது? டிரைவர் ரோட்டில் இருக்கிறார்.

அப்ப தொழில் எப்படி ஓடுச்சு? ஓனரும் டிரைவரும் நேரடியாப் பேசிக்கவே இல்லை. நடுவில் ஆள் வைத்தாங்க. லாரி போய்ச் சேரும் ஊரில் ஒரு புக்கிங் ஆபீஸ். அங்கே இருக்கிற ஏஜென்ட் லோடு இறக்கியதைப் பார்ப்பார், ரிட்டர்ன் லோடு பிடித்துக் கொடுப்பார், செலவுக்கு அட்வான்ஸ் கொடுப்பார், ஊருக்குத் தகவல் சொல்வார். மேலே சொன்ன மூணும், அதாவது செய்தி, பணம், சாட்சி எல்லாம் ஒரே ஆள் கையில். அவருக்குக் கமிஷன். அவர் நல்லவரா இருந்தால் ஓனர் பிழைத்தார். இல்லைன்னா, வாடகை உண்மையில் எவ்வளவு பேசப்பட்டது என்பதே ஊரில் இருக்கிற ஓனருக்குத் தெரியாது.

டிரைவர் பக்கமும் பாருங்க. கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் வண்டியில் அவர் எடுப்பதுதான் முடிவு. எந்த ரோடு, எங்கே தூக்கம், எந்த மெக்கானிக், எந்த லோடு எல்லாமே அவர் பொறுப்பு. ஓனர் அவரை நம்பித்தான் ஆகணும், வேற வழியே கிடையாது. அதனால்தான் சொந்தக்காரர், பக்கத்து ஊர்க்காரர், ஓனரே கிளீனரா எடுத்து டிரைவராக்கிய பையன் என்று தெரிந்த வட்டத்திலேயே ஆள் தேடினாங்க. தகவல் தொடர்பு இல்லாத இடத்தை உறவு நிரப்பியது.

மஞ்சள் போர்டு காலம்

ஆபரேட்டர் இல்லாமல் நேரா டயல் பண்ணும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதன்முதலில் 1960-ல் லக்னோ–கான்பூர் இடையே வந்தது. ஆனா சின்ன ஊர்களுக்கு அது வந்து சேர இன்னும் இருபத்தைந்து வருஷம் ஆச்சு. 1984-ல் சி-டாட் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடா பெயரை இதில் கேட்டிருப்பீங்க. ஏ.சி. அறை இல்லாமல், தூசியிலும் வெயிலிலும் ஓடக்கூடிய 128 லைன் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் ஒன்றை அவங்க உருவாக்கினாங்க. 1986-ல் அது கர்நாடகாவின் கிட்டூரில் முதலில் வைக்கப்பட்டது. அதே காலத்தில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்கள் முளைத்தன. நெடுஞ்சாலை ஓரத்து தாபா பக்கத்திலும் மஞ்சள் போர்டு வந்தது.

இது லாரித் தொழிலைத் தலைகீழா மாற்றியது. இப்ப டிரைவர் கூப்பிடலாம். ஓனர் வீட்டு லேண்ட்லைன் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். யார் போனை எடுத்தாலும் எழுதி வைக்கணும்: வண்டி எங்கே, லோடு என்ன, அட்வான்ஸ் எவ்வளவு. ராத்திரி நேரமானால் எஸ்.டி.டி. கட்டணம் படிப்படியாக் குறையும், 11 மணிக்கு மேல் கால்வாசி. பூத்களில் அந்த நேரத்தில்தான் கூட்டம். அதனால் ஒரு தொழிலோட தினசரி ரிப்போர்ட் நடு ராத்திரியில் வரும். நம்ம அமெரிக்கக் கிளையன்ட் கால் மாதிரியேதான், காரணம் மட்டும் வேற.

ஆனா கவனிங்க, இந்தப் போன் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு. டிரைவர் ஓனரைக் கூப்பிடலாம். ஓனர் டிரைவரைக் கூப்பிட முடியாது. எப்பச் சொல்லணும், என்ன சொல்லணும் என்பது டிரைவர் கையில். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ரிக் வண்டியில் பிரச்சினை இன்னும் நுணுக்கம். திருச்செங்கோட்டு ரிக்குகள் இந்தியா முழுக்கப் போகும், ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கு. அங்கே கணக்கு அடிக்கு இவ்வளவு என்று. ராஜஸ்தானில் தோண்டுகிற வண்டி 500 அடி போச்சா, 560 அடி போச்சா என்று திருச்செங்கோட்டில் இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது? ராடு எண்ணிக்கை ஒரு கணக்கு. எரிந்த டீசல் இன்னொரு கணக்கு. பாறை எப்படி, எத்தனை மணி நேரம் ஓடியது என்பது மூணாவது. இந்த மூணும் ஒத்துப்போகணும். ஒரு தகவலை நம்பாமல், தனித்தனியா வரும் தகவல்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. சென்சார் டேட்டா பார்க்கிற இன்ஜினியர்கள் இன்னைக்கு செய்வதும் இதுதான்.

முட்டை விலையை யார் சொல்வது?

இப்ப லாரியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்திவிட்டு, கோழிப்பண்ணைக்கு வருவோம். அங்கேயும் இதே தூரப் பிரச்சினைதான், ஆனா முடிவு வேற மாதிரி வந்தது.

முட்டை அழுகும் பொருள். கோழி ஞாயிற்றுக்கிழமையும் முட்டை போடும், நல்ல விலை வரும் வரை காத்திருக்காது. நாமக்கல் முட்டையைத் தின்பவர்கள் தூரத்து நகரங்களில் இருக்காங்க. அந்த நகரத்தில் இன்னைக்கு என்ன விலை என்பது வாங்குகிற வியாபாரிக்குத் தெரியும், பண்ணைக்காரருக்குத் தெரியாது. வியாபாரி போனில் ஒரு விலை சொல்வார், அதுதான் விலை. போன் இருந்தது, தகவலும் வந்தது. ஆனா அந்தத் தகவலை எழுதியவர் வாங்குபவர். 1980-களின் தொடக்கத்தில் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே விழுந்து, நாடு முழுக்கப் பல பண்ணைகள் மூடப்பட்டன.

அப்போது வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் பி.வி. ராவ் ஊர் ஊராப் போய்ப் பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசினார். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. நம்ம எல்லாருக்கும் தெரிந்த என்.இ.சி.சி. அதோட அடிப்படை யோசனை ரொம்ப எளிமையானது: விலையை வாங்குபவர் சொல்ல வேண்டாம், உற்பத்தி செய்பவர்கள் கூடிப் பேசி அறிவிக்கட்டும். நாமக்கல் ஒரு மண்டலம் ஆனது. மண்டலக் கூட்டத்தில் இருப்பு எவ்வளவு, மற்ற ஊர்களில் விலை என்ன என்று பார்த்து ஒரு முட்டைக்கு இவ்வளவு பைசா என்று அறிவிப்பாங்க. அது போனில் பரவும், மறுநாள் பேப்பரில் வரும். டிவி செய்தியின் அடியில் ஓடும் 'நாமக்கல் முட்டை விலை' அங்கிருந்து வருவதுதான்.

இந்த மாற்றம் நடந்தது 1982-ல். எஸ்.டி.டி. பூத் அலை அதுக்குப் பிறகுதான் வந்தது. அதாவது பண்ணையாளர்களுக்குப் புதுக் கருவி எதுவும் கிடைக்கவில்லை. அதே டிரங்க் கால், அதே தந்தி, அதே பேப்பர். மாறியது ஒன்றுதான்: செய்தியை எழுதுபவர் யார் என்பது.

இதை முழு வெற்றிக் கதையாச் சொல்லிவிட முடியாது. என்.இ.சி.சி. விலை ஒரு பரிந்துரைதான், சட்டம் இல்லை. சரக்கு தேங்கும் நாட்களில் வியாபாரிகள் அறிவித்த விலையிலிருந்து இத்தனை பைசா குறைத்துத்தான் எடுப்பாங்க. அதுக்கு நாமக்கல்லில் 'மைனஸ்' என்றே பெயர். சின்னப் பண்ணைக்காரர்களின் நிரந்தரக் குறை அது. ஆனாலும் எதிலிருந்து மைனஸ் என்று கேட்க ஒரு எண் இருக்கிறது. 1982-க்கு முன்னாடி அந்த எண்ணே கிடையாது.

செய்தியை வேற யாராவது எழுதினால் என்ன ஆகும் என்பதையும் இதே ஊர் பார்த்திருக்கு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானது. நாமக்கல் கோழிகளுக்கு எந்த நோயும் இல்லை. வைரஸ் வரவில்லை, செய்தி வந்தது. முட்டை விற்பனை சரிந்தது, ஏற்றுமதியும் அடி வாங்கியது. 2020 தொடக்கத்தில் கோழிக்கறி, முட்டை சாப்பிட்டால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியது. மார்ச் மாதத்துக்குள் நாமக்கல்லில் முட்டை விலை உற்பத்திச் செலவு கூடக் கிடைக்காத அளவுக்குப் போனது. 38 வருஷம் கூடிப் பேசி விலை சொன்ன ஊரை, யாரோ ஃபார்வர்டு பண்ணிய ஒரு மெசேஜ் கீழே தள்ளியது.

ரெண்டு பக்கமும் திறந்த கதவு

சரி, லாரிக்குத் திரும்புவோம். இந்தியாவின் முதல் மொபைல் கால் 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. அப்ப வந்த காலுக்கும் காசு, போன காலுக்கும் காசு, நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும். சென்னை தனி வட்டம் என்பதால் அங்கே முதலில் வந்துவிட்டது. சேலம், நாமக்கல் எல்லாம் 'தமிழ்நாடு வட்டம்'. 1999-ல் ஏர்செல் இந்த வட்டத்தில் சேவை தொடங்கியது. 2003 மே மாதம் முதல் 'கூப்பிடுபவர் மட்டும் காசு கட்டினால் போதும்' என்ற முறை வந்தது. வரும் கால் இலவசம். மொபைல் நிஜமாவே லாரிக்குள் ஏறியது அதுக்கு அப்புறம்தான்.

ஆனா லாரி டிரைவருக்கு ஒரு சிக்கல். மாநில எல்லையைத் தாண்டியதும் ரோமிங். வரும் காலுக்கும் மறுபடி காசு. ரோமிங்கிலேயே வாழ்கிற ஒரு ஆளுக்கு இது எவ்வளவு பெரிய பாரம் பாருங்க. அதனால்தான் மிஸ்டு கால் ஒரு மொழியாகவே வளர்ந்தது. ஒரு ரிங் விட்டால் ஒரு அர்த்தம், ரெண்டு ரிங் விட்டால் இன்னொரு அர்த்தம் என்று ஓனரும் டிரைவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், ஒரு பைசா செலவில்லாமல் தகவல் போய்விடும். 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் கால்களை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, ரோமிங் கட்டணம் என்ற விஷயமே கொஞ்ச நாளில் காணாமல் போச்சு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நெட்வொர்க் நின்றபோது தமிழ்நாட்டில் எவ்வளவு பதற்றம் என்று ஞாபகம் இருக்கும். நம்பர் தொலைவது நமக்குத் தொந்தரவு. அந்த நம்பரை வைத்து லோடு பிடிக்கிற ஆளுக்கு அது கடையின் ஷட்டரை இறக்குவது மாதிரி.

வாட்ஸ்அப்பில் என்னைப் பொறுத்தவரை முக்கியமான நாள் 2013 ஆகஸ்ட். வாய்ஸ் மெசேஜ் வந்த மாதம் அது. தமிழில் டைப் பண்ணுவது சிரமம், இங்கிலீஷ் வராது, கை ஸ்டியரிங்கில் இருந்து இப்பத்தான் இறங்கியிருக்கு. அந்த ஆளுக்கு மைக் பொத்தானை அமுக்கிப் பேசுவது எவ்வளவு பெரிய விடுதலை! லோடு குரூப்கள் வந்தன. 'விஜயவாடாவிலிருந்து ஈரோடு, 16 டன், யார் இருக்கீங்க?' என்று ஒரு குரல் போனால் பத்து நிமிஷத்தில் பதில் வரும். நடுவில் இருந்த ஏஜென்ட் காணாமல் போகவில்லை, ஆனா வாடகை எவ்வளவு என்று மறைக்கும் வசதி அவருக்குக் குறைந்தது. 2015-ல் பெங்களூரில் தொடங்கிய பிளாக்பக் மாதிரி ஆப்கள் இதே வேலையைப் பெரிய அளவில் செய்ய வந்தன.

பணமும் மாறியது. 2016 வரைக்கும் டிரைவர் இடுப்பில் ரொக்கத்தோடுதான் போவார். அந்த நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது, வழியில் இருந்த டிரைவர்களின் கையிலிருந்த காசு பூரா பழைய நோட்டு. அதே வருஷம் வந்த யு.பி.ஐ. இன்னைக்கு பஞ்சர் கடை வரைக்கும் போயிருக்கு. நாமக்கல்லில் இருந்தே ஓனர் நாக்பூர் டயர் கடைக்காரருக்குப் பணம் அனுப்பலாம். பணம் டிரைவர் கையைத் தொடவே வேண்டாம்.

சாட்சி சொல்ல வந்த எந்திரங்கள்

மூணாவது துண்டு, சாட்சி. லாரி ஆபீஸில் எல்.ஆர். என்று ஒரு ரசீது உண்டு. லோடு இறக்கிய இடத்தில் அதன் ஒரு நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கிக் கொண்டுவரணும். அது வந்தால்தான் பாக்கி வாடகை. அதுக்கு 'அக்னாலஜ்மெண்ட்' என்றே பெயர். நெட்வொர்க்கிங் பேப்பரில் 'ஏசிகே' என்று ரெண்டு மார்க்குக்கு எழுதினோமே, அதேதான். அது இப்ப போட்டோவாக வாட்ஸ்அப்பில் வருகிறது. அப்படியும் ஒரிஜினல் காகிதம் கைக்கு வந்தால்தான் பணம் என்று சொல்கிற பார்ட்டிகள் நிறைய.

2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில். அதுக்கு ஆயுள் உண்டு. தொடக்கத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். நாமக்கல்–நாக்பூர் 1,300 கிலோமீட்டருக்கு முன்னாடி 13 நாள் இருந்தது, இப்ப 7 நாள். வண்டி வழியில் பிரேக்டவுன் ஆனால் நாமக்கல் ஆபீஸில் உட்கார்ந்து ஆன்லைனில் நீட்டிக்கலாம். ஆனா அதுக்கும் பில் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாடி, இல்லைன்னா முடிந்து எட்டு மணி நேரத்துக்குள் பண்ணியாகணும்.

2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனது. அரசு அதைக் கொண்டுவந்தது சுங்கச்சாவடி வரிசையைக் குறைக்க. ஆனா ஒரு லாரி ஓனருக்கு அது தந்த பரிசு வேற: ஒவ்வொரு சுங்கச்சாவடியைத் தாண்டும்போதும் அவர் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். நாமக்கல், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் எல்லாமே என்.எச். 44 என்ற ஒரே சாலையில் இருக்கிற ஊர்கள். அந்த எஸ்.எம்.எஸ்.களை வரிசையாப் படித்தாலே வண்டி எங்கே, என்ன வேகம், எங்கே எத்தனை மணி நேரம் நின்றது எல்லாம் தெரிந்துவிடும். ஜி.பி.எஸ். மாட்டிய வண்டியில் அதுவும் தேவையில்லை, மேப்பில் புள்ளி நகர்வதையே பார்க்கலாம்.

தூரம் யாருக்குக் குறைந்தது?

இப்ப எஸ்.டி.டி. காலத்தில் மனசில் வைத்துக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அன்னைக்கு எப்பப் பேசணும் என்று தீர்மானித்தவர் டிரைவர். இன்னைக்கு ஓனர் எந்த நிமிஷமும் கூப்பிடலாம். கூப்பிடாமலேயே பார்க்கலாம். ஓனருக்கு ராத்திரித் தூக்கம் கிடைத்தது. அது சின்ன விஷயம் இல்லை, கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு அது உயிர். ஆனா டிரைவர் சாலை ஓரம் நிறுத்திக் கண் அசந்தால் இருபது நிமிஷத்தில் போன் வரும்: 'ஏன் வண்டி நிக்குது?' வீடியோ காலில் பிள்ளை முகத்தைப் பார்க்க முடிகிறது, அதே போனில்தான் இந்தக் கேள்வியும் வருகிறது. செய்தி, பணம், சாட்சி மூணுமே டிரைவர் கையில் கொஞ்சமாவது இருந்த காலம் போய், மூணும் ஊருக்குத் திரும்பிவிட்டன. ரோட்டில் மிச்சம் இருப்பது உடம்பு மட்டும்தான்.

2020 ஊரடங்கில் இது அப்பட்டமாத் தெரிந்தது. நாம வீட்டிலிருந்து ஜூம் கற்றுக்கொண்டிருந்தபோது, ஆயிரக்கணக்கான லாரி டிரைவர்கள் நெடுஞ்சாலைகளில் மாட்டிக்கொண்டாங்க. தாபா மூடியாச்சு, லோடு இறக்க ஆள் இல்லை. எல்லா வகைச் சரக்கு வண்டிகளும் போகலாம் என்று மத்திய அரசு தெளிவாச் சொன்னது மார்ச் 29-ல். அதுவரைக்கும் வண்டி எங்கே நிற்கிறது என்று ஓனர் போனில் துல்லியமாத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சோறு அனுப்புகிற ஆப் அதில் இல்லை.

டிரைவர்களும் செய்தி எழுதக்கூடியவர்கள்தான் என்று தெரிந்தது 2024 ஜனவரி முதல் ரெண்டு நாட்களில். புது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவில், விபத்து நடந்து தகவல் சொல்லாமல் போனால் பத்து வருஷம் வரை சிறை. இதை எதிர்த்து வடக்கு, மேற்கு மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினாங்க. டிரைவர்களே எடுத்த வீடியோக்கள் போன் வழியாப் பரவின. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. ரெண்டாம் நாள் ராத்திரியே அரசு இறங்கி வந்து பேசியது. அந்த ஆண்டு ஜூலை 1-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓனரின் கேள்வியைச் சுமந்து வந்த அதே போன்தான். அன்னைக்கு அதில் பேசியது டிரைவர்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான். ரிமோட் தொழிலில் புதுக் கருவி வரும்போது நாம கேட்பது 'எவ்வளவு வேகம், எவ்வளவு மலிவு?' நாமக்கல் கேட்க வைக்கும் கேள்வி வேற: இந்தக் கருவியில் செய்தியை எழுதுவது யார், படிப்பது மட்டும் யார்? 1982-ல் பண்ணையாளர்கள் பழைய போனை வைத்தே எழுதும் இடத்துக்கு வந்தாங்க. லாரி டிரைவர்களுக்குக் கருவி மேல் கருவி வந்தும், பெரும்பாலான நாட்களில் அந்த இடம் கிடைக்கவில்லை.

நம்ம லேப்டாப்பிலும் பச்சைப் புள்ளி ஒன்று இருக்கு. மவுஸ் நகரலைன்னா மஞ்சள் ஆகிவிடும். உங்க கம்பெனியில் அடுத்த தடவை ஒரு புது டிராக்கிங் டூல் வரும்போது, அதில் நீங்க எழுத ஒரு கட்டம் இருக்கா, அதை யாராவது படிக்கிறாங்களா என்று பாருங்க. இல்லைன்னா, கூட வேலை செய்யும் நாலு பேரோடு சேர்ந்து கேளுங்க. தனியாக் கேட்ட பண்ணைக்காரருக்கு யாரும் விலை சொல்லவில்லை.

உங்க வீட்டில் லாரி, ரிக், பண்ணை ஏதாவது இருந்திருந்தால், அந்தக் கால போன் நோட்டு எங்கேயாவது கிடக்கான்னு தேடிப் பாருங்க. கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.